நான் கழுவிவிட்ட கோலங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு இது. பசியாறிட்டு, உட்கார்ந்து பொறுமையா படிங்க.

போன நவராத்திரிக்கு நம்ம கோயில் மண்டபத்துல, கொலுவுக்குப் பக்கத்துச் சுவர்ல ஒன்பது படம் மாட்டியிருந்தோம். சாமி படம் இல்ல, மயில் இல்ல, தாமரை இல்ல. புள்ளி, அதைச் சுத்தி ஓடுற கோடு, அவ்வளவுதான். சிங்கப்பூர்ல இருந்து வந்த ஒரு குடும்பம் ரொம்ப நேரம் நின்னு பார்த்துட்டு, "இது எந்த ஓவியர் வரைஞ்சது?"ன்னு கேட்டாங்க. அன்னதானத்துல பரிமாறிக்கிட்டிருந்த நம்ம தம்பி ஒருத்தர், "அதோ, பைப்பைப் பிடிச்சுக்கிட்டு வாசல் கழுவுறாரே, அவருதான்"னு கையைக் காட்டினாரு. அவங்க நம்பல. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. நாலு வருஷத்துக்கு முன்னாடின்னா நானே நம்பியிருக்க மாட்டேன்.

அப்புறம் நிறைய பேர் கேட்டுட்டீங்க, எப்படி ஆரம்பிச்சது, எங்க படிச்சீங்கன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதைவிட இங்கேயே எழுதிடறேன்.

எனக்கு வயசு 56. படிச்சது எஸ்.பி.எம். வரைக்கும். பாசிர் கூடாங் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில சூப்பர்வைசர். பிறந்து வளர்ந்தது குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துல. லயத்து வீட்டுல எங்கம்மா பெரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, இருட்டுல, வாசல் தெளிச்சுக் கோலம் போடுவாங்க. அது பொம்பளைங்க வேலை. ஆம்பளைப் பிள்ளைங்க அந்தப் பக்கம் வந்தா, "மிதிச்சிடாதடா"ன்னு சத்தம் வரும். கோலத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அந்த ஒண்ணுதான், மிதிக்கக் கூடாது.

நம்ம கோயில்ல நான் தொண்டு செய்ய வந்தது 2009 ஜனவரியில. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, பின்னால சொல்றேன். எனக்குக் கொடுத்த வேலை, ராத்திரி பூஜை முடிஞ்சு நடை சாத்தினதும் வாசலைக் கழுவுறது. காலையில மாதர் பிரிவு போட்ட கோலம், அதுமேல விழுந்த பூ, எண்ணெய், செருப்புத்தடம், எல்லாத்தையும் பைப்பைத் திறந்து அடிச்சு விட்டுடுவேன். பத்து நிமிஷ வேலை. அந்தக் கோலத்தை ஒரு நாள்கூட நின்னு பார்த்தது கிடையாது. இத்தனைக்கும் பாதி நாள் அதைப் போட்டவ என் வீட்டுக்காரம்மா.

முதல்ல என் கண்ணுல பட்டது கோலம் இல்ல, கோலம் இல்லாத வாசல். 2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கோயிலை மூடினோம் இல்லையா, அப்போ ஒரு நாள் அனுமதி வாங்கிட்டு குருக்கள் ஐயாவுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசல் வெறும் சிமெண்டா கிடந்தது. கழுவ ஒண்ணுமே இல்ல. கையில பைப்பை வச்சுக்கிட்டுச் சும்மா நின்னேன். மனசு என்னமோ பண்ணுச்சு. வீட்டுக்கு வந்துட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு, 2022 அக்டோபர்ல என் வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். நல்லபடியா முடிஞ்சது, அம்பாள் புண்ணியம். ஆனா டாக்டர் இனிமே குந்தக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. மார்கழி வந்தது. காலையில அஞ்சு மணிக்கு அவ வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெறும் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா. நான் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்றேன். "என்னங்க, ஒரே ஒரு சின்னக் கோலம். நான் சொல்றேன், நீங்க போடுங்க"ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவ சிரிக்கல.

சரின்னு உட்கார்ந்தேன். மாவை எடுத்தேன். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மாவு சீராக் கசியணும். எனக்கு ஒரு இடத்துல கொட்டுது, ஒரு இடத்துல வரவே மாட்டேங்குது. 5 புள்ளிக் கோலம், நடுவுல 5, ரெண்டு பக்கமும் 3, அப்புறம் 1. மொத்தம் 13 புள்ளிதான். முக்கால் மணி நேரம் ஆச்சு. முடிச்சுப் பார்த்தா ஒரு புள்ளி கோட்டுக்கு வெளியே தனியா நிக்குது. அவ நாற்காலியில இருந்தபடியே சொன்னா: "கம்பெனியில இப்படி வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"ரிஜெக்ட்"னேன்.

"அப்போ நாளைக்கு மறுபடி போடுங்க."

அப்படித்தான் ஆரம்பிச்சது. எனக்கு அப்போ 53 வயசு.

தரையில பழகறதுக்கு முன்னாடி தாள்ல பழகலாம்னு, மகளோட பழைய கட்டம் போட்ட நோட்டை எடுத்தேன். நான் பழகினது சிக்குக் கோலம், சில பேரு கம்பிக் கோலம்னு சொல்வாங்க. புள்ளியைச் சேர்க்கிற கோலம் இல்ல இது. கோடு எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது. ஒவ்வொரு புள்ளியையும் சுத்தி வளைஞ்சு, ஒண்ணையும் விடாம, கடைசியில கிளம்பின இடத்துக்கே வந்து சேரணும்.

இதுல எனக்கு ஒரு வசதி இருந்தது. முப்பது வருஷமா நான் பார்க்கிறது மின்சுற்றுப் பலகை. அதுலயும் கோடுதான். சேர வேண்டிய கோடு விட்டுப்போனா அதை ஓப்பன்னு சொல்வோம், தொடக் கூடாத கோடு தொட்டுட்டா ஷார்ட். கோலத்துலயும் இந்த ரெண்டு தப்புதான். அதனால தப்பைக் கண்டுபிடிக்கிறது எனக்குச் சீக்கிரம் வந்துடுச்சு. தப்பில்லாம போடத்தான் வரல. இத்தனை வருஷம் அடுத்தவங்க கையில இருக்கிற தப்பைத்தான் நான் பார்த்திருக்கேன். என் கையைப் பார்க்கிற வேலை வந்ததே இல்ல. லைன்ல புதுசா வர்ற நேப்பாளித் தம்பிங்களை, "இதுகூடவா வரல?"ன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன். மார்கழி முழுக்க அந்தக் கேள்வி எனக்கே திரும்பி வந்தது. இப்போ அந்த வார்த்தையை நான் சொல்றது இல்ல.

ஓய்வு நேரத்துல, வீசப்போற தாள்களோட பின்பக்கத்துல வரைய ஆரம்பிச்சேன். மகள் பார்த்துட்டு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தா. புள்ளிகளைச் சதுரமாவோ நீள்சதுரமாவோ வச்சு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு நடுவுல எல்லா இடத்துலயும் கோடு வெட்டிப் போற மாதிரி போட்டா, மொத்தம் எத்தனை கோடு வரும்னு போடறதுக்கு முன்னாடியே சொல்லிடலாமாம். நீளத்துப் புள்ளி எண், அகலத்துப் புள்ளி எண், இந்த ரெண்டையும் மீதியில்லாம வகுக்கிற பெரிய எண் எதுவோ, அத்தனை கோடு. நான் நம்பாம போட்டுப் பார்த்தேன். 5க்கு 6 வச்சா ஒரே கோடு. 4க்கு 6 வச்சா ரெண்டு. 6க்கு 6 வச்சா ஆறு தனித்தனிக் கோடு. நீங்களும் போட்டுப் பாருங்க. தமிழ்ப்பள்ளியில வாத்தியார் அடிச்சுச் சொல்லிக் கொடுத்த வகுத்தல் கணக்கு, எங்கம்மா வாசல்ல கிடந்திருக்கு. அவங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான்.

இதைப் படிச்சவங்க சும்மா விடல. சென்னை தாம்பரத்துல இருக்கிற சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில கிப்ட் சிரோமணின்னு ஒரு பேராசிரியர் இருந்தாரு. அவரும் ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன்னு ரெண்டு பேரும் சேர்ந்து, மொழிக்கு இலக்கணம் எழுதற மாதிரி கோலத்துக்கு இலக்கணம் எழுதி, 1974-ல கணினிப் படங்களைப் பத்தின ஆய்விதழ்ல கட்டுரை போட்டாங்க. நம்ம பாட்டிமாருங்க மாவுல போட்டதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடமா எடுத்துக்கிட்டாங்க. அதையும் மகள்தான் தேடிக் காட்டினா. கட்டுரை எனக்குப் புரியல. அதுல இருந்த கோலம் புரிஞ்சது.

53 வயசுக்கு மேல இது என்ன கூத்துன்னு நினைக்கிறவங்களுக்கு இன்னும் ரெண்டு பேரைச் சொல்றேன். கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவர், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல உருவாக்கினவர். மனுஷங்களையும் ஊரையும் வரைஞ்சுக்கிட்டிருந்தவர், 50 வயசு தாண்டின பிறகு, 1963-லதான் எழுத்தும் கணக்குக் குறியும் கட்டமுமா வேற பாதைக்குப் போனாரு. இன்னொருத்தர் எஸ்.எச். ரஸா. உலகப் பேர் வாங்கின ஓவியர். சின்ன வயசுல பாடத்துல மனசு நிக்காம ஓடிக்கிட்டே இருந்திருக்காரு. வாத்தியார் சுவர்ல ஒரு புள்ளி வச்சு, இதையே பாருன்னு உட்கார வச்சாராம். அந்தப் புள்ளி, அவர் பிரான்ஸ்ல பல வருஷம் இருந்து, 50 வயசைத் தாண்டினதுக்கு அப்புறம்தான் படத்துக்குள்ள வந்தது. 'பிந்து'ன்னு பேர் வச்சு, 2016-ல சாகிற வரைக்கும் அதையே வரைஞ்சாரு. அவங்க மேதைங்க. நான் கம்பெனி சூப்பர்வைசர். ஒப்பிடறதுக்காகச் சொல்லல. புள்ளி பொறுமையா காத்திருக்கும், வயசு கேட்காதுன்னு சொல்றேன்.

2023 ஆடி முதல் வெள்ளி, மாதர் பிரிவுல ஆள் குறைச்சல். என் வீட்டுக்காரம்மா, "இவர் போடுவாரு"ன்னு சொல்லிட்டா. காலையில அஞ்சரைக்குக் கோயில் வாசல்ல உட்கார்ந்தேன். கை நடுங்குச்சு. பாதி போட்டிருப்பேன், வயசான ஒரு அம்மா வந்து நின்னாங்க. "என்னப்பா இது, ஆம்பள வாசல்ல குந்திக் கோலம் போடறது? லட்சுமி எப்படி உள்ள வருவா?" அவங்க கோவமா கேட்கல, நெசமாவே பயந்துபோய்க் கேட்டாங்க. நான் எழுந்துட்டேன். மாவை டப்பாவுல போட்டுட்டேன்.

குருக்கள் ஐயா உள்ள இருந்து வந்தாரு. "பாட்டி, கும்பாபிஷேகத்துக்கு யாகசாலையில மண்டலம் போட்டது யாரு?"ன்னு கேட்டாரு.

"நீங்கதான் சாமி."

"நான் ஆம்பளைதானே? கேரளாவுல பகவதிக்கு அஞ்சு வண்ணப் பொடியில களம் எழுதறது காலங்காலமா ஆம்பளைங்க. இது கை சம்பந்தப்பட்டது இல்ல பாட்டி, மனசு சம்பந்தப்பட்டது."

அந்தப் பாட்டி கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. அப்புறம், "அந்த மூலையில புள்ளி கோணலா இருக்கு, தம்பி"ன்னாங்க. நான் மறுபடி உட்கார்ந்தேன். இப்போ வெள்ளிக்கிழமை தவறாம அவங்கதான் என் கியூசி. ஒரு புள்ளி தப்பினாலும் விடமாட்டாங்க.

இனிமே சொல்லப்போறதுதான் நான் இந்தப் பதிவை எழுதவே காரணம்.

புதுக் கோலம் தேடி, ஒரு நாள் வீட்டுக்காரம்மாவோட பழைய சாமான் பெட்டியைத் திறந்தேன். ஒரு 555 புத்தகம் இருந்தது. மளிகைக் கடையில கடன் எழுதற அந்தக் குட்டிப் புத்தகம்தான். உள்ள கடன் இல்ல, கோலம். பக்கத்துக்கு ஒண்ணு. மேல தேதி, கீழ ஒரு எண். முதல் பக்கம் 12.1.2009, எண் 1. கடைசிப் பக்கம் 10.3.2009, எண் 48. கோயிலுக்கு வர முடியாத நாள்களை விட்டுட்டு எண்ணியிருக்கா. ஒரு மண்டலம்.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுடுச்சு. 2008 கடைசியில, உலகமே பணக் கஷ்டத்துல இருந்தப்போ, 17 வருஷம் வேலை பார்த்த தொழிற்சாலையில எங்க லைனை மூடிட்டாங்க. 39 வயசு, ரெண்டு பிள்ளைங்க, வீட்டுக் கடன். வேலை போனதை வெளியில சொல்ல வெட்கப்பட்டேன். பகல்ல வெளிய தலை காட்ட மாட்டேன். ராத்திரி மட்டும் கோயிலுக்குப் போவேன், எல்லாரும் போன பிறகு. சும்மா இருக்கக் கூடாதுன்னுதான் அந்தப் பைப்பைக் கையில எடுத்தேன். நான் தொண்டுக்கு வந்த கதை அதுதான். பக்தியால வந்தேன்னு இத்தனை நாள் நீங்க நினைச்சிருந்தா, மன்னிச்சுக்குங்க.

அந்த 48 நாளும் அவ விடியக்காலையில வந்து, எனக்கு வேலை கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டு, அம்பாள் வாசல்ல ஒவ்வொரு கோலமா போட்டிருக்கா. ஒரு கோலம்கூட ரெண்டாவது தடவை வரல. தைப்பூசத்தன்னைக்குப் போட்டது மட்டும் ரெண்டு பக்கத்துக்கு விரிச்சு வரைஞ்சிருந்தது. அத்தனையையும் அன்னன்னைக்கு ராத்திரி பைப் அடிச்சுக் கழுவினது நான். ஒண்ணைக்கூடப் பார்க்கல. அந்த நாள்கள்ல அவ முகத்தையும்தான் பார்க்கல.

புத்தகத்தை எடுத்துக்கிட்டுப் போய் அவ முன்னாடி வச்சேன். எனக்குப் பேச்சு வரல. அவ கண்ணாடியைப் போட்டுப் பார்த்துட்டு, "இது எங்க இருந்தது?"ன்னா. "ஏன் என்கிட்ட சொல்லல? நான் பாட்டுக்கு எல்லாத்தையும் கழுவி விட்டேனே"ன்னு கேட்டேன்.

"கோலம்னா அழியத்தானே வேணும்? நீங்க கழுவி விட்டதாலதான் மறுநாள் எனக்குப் போட இடம் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு, அடுப்புல குழம்பு இருக்குன்னு எழுந்து போயிட்டா.

வேண்டுதல் பலிச்சுதான்னு கேட்பீங்க. உள்ளதைச் சொல்றேன், 48 நாள் முடிஞ்சும் வேலை கிடைக்கல. அதுக்கு அஞ்சு வாரம் கழிச்சு, சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகுதான் இப்போ இருக்கிற இடத்துல கூப்பிட்டாங்க, சம்பளம் குறைச்சலா. அம்பாள் கொடுத்தாளா, தானா வந்ததான்னு நான் வழக்குப் பேச வரல. அந்த 48 நாளும் எங்க வீடு உடையாம இருந்தது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

சுவர்ல மாட்டின அந்த ஒன்பது படமும் 555 புத்தகத்துல இருந்து எடுத்ததுதான். பெரிய கட்டத்தாள்ல, கறுப்பு மையில, நான் வரைஞ்சேன். கோடு என் கை, கோலம் அவளோடது. கீழ பேர் போடலையேன்னு சில பேர் கேட்டீங்க. யார் பேரைப் போடறதுன்னு தெரியாமத்தான் விட்டேன். சிங்கப்பூர்க் குடும்பம் ஒரு படத்தை விலைக்குக் கேட்டாங்க. நல்ல தொகைதான். வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன், தலையாட்டல. பதிலுக்கு அவங்க வீட்டு விசேஷத்துக்கு ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் போய், வாசல்ல அந்தக் கோலத்தையே மாவுல போட்டுட்டு வந்தோம். நான் தரையில, அவ நாற்காலியில. சாயங்காலம் மழை வந்து அழிச்சிருக்கும்.

திரும்பி வர்ற வழியில தெப்ராவ் ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போனோம். 3 லட்சம் கண்ணாடித் துண்டுக்கு மேல பதிச்ச சுவர். எத்தனையோ தடவை போன இடம். அன்னைக்குத்தான் முதல் முறையா கழுத்து வலிக்கிற வரைக்கும் அண்ணாந்து பார்த்தேன், எந்தத் துண்டு எதோட சேருது, எங்க திரும்புதுன்னு. "போதும் வாங்க, ஆளுங்க பார்க்கிறாங்க"ன்னு அவ என் கையைப் பிடிச்சு இழுத்தா. 28 வருஷத்துக்கு மேல ராத்திரி ஷிப்ட் பார்த்தவன் நான். நான் வர்றப்போ அவ எழுந்திருப்பா, அவ படுக்கிறப்போ நான் கிளம்புவேன். இப்போ தினமும் காலையில ஒரு மணி நேரம், வாசல்ல, ஒரே புள்ளியை ரெண்டு பேரும் பார்க்கிறோம். பெருசா ஒண்ணும் பேசறது இல்ல. "அங்க வளைங்க", "சரி", "இன்னும் கொஞ்சம்", "சரி". அவ்வளவுதான்.

கடைசியா ஒரு அறிவிப்பு. பிள்ளைங்களுக்குக் கோலம் சொல்லிக் கொடுக்கிறதை இதுவரைக்கும் வெள்ளிக்கிழமை காலையில வச்சிருந்தோம். 2025 ஜனவரியில இருந்து ஜொகூர்ல வார விடுமுறை சனி, ஞாயிறுன்னு மாறிட்டதால, இனிமே சனிக்கிழமை காலை 7 மணிக்கு, கோயில் பின்மண்டபத்துல. கட்டம் போட்ட நோட்டு ஒண்ணு, பென்சில் ஒண்ணு கொண்டு வந்தா போதும். மாவு கோயில்ல இருக்கு. குந்த முடியாதவங்களுக்கு நாற்காலி போட்டு வைப்போம், சொல்லிக் கொடுக்க ஆள் வேணும் இல்லையா. ஆம்பளைப் பிள்ளைங்களையும் அனுப்புங்க. அப்பாமாருங்களும் வரலாம், நான் சிரிக்க மாட்டேன்.

ராத்திரி வாசல் கழுவுற வேலை இன்னும் என்னோடதுதான், யாருக்கும் விட்டுக் கொடுக்கல. ஒரே ஒரு மாற்றம். பைப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிக்கிறேன். கோடு எங்க கிளம்பி எங்க வந்து சேருதுன்னு ஒரு சுத்து கண்ணால போயிட்டு வர்றேன். அதுக்கு அப்புறம்தான் தண்ணி.

எல்லாருக்கும் அம்பாள் துணை இருக்கட்டும். ஓம் சக்தி.